அழுகல் நாற்றமும் பாக்டீரியாவின் அடையாள அட்டையும்

இன்றைய எபிசோட் ஒரு நாற்றத்தில் இருந்து தொடங்குது. ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல், ஃப்ரிட்ஜுக்குள் இருந்த கறி கெட்டுப்போய், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த நாற்றம். அதில் பங்குள்ள இரண்டு வேதிப்பொருட்களை 1885-ல் பெர்லினில் லுட்விக் பிரீகர் என்ற மருத்துவர் அழுகும் திசுக்களில் இருந்து பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு புட்ரெசின் என்று பெயர், லத்தீனில் அழுகுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. இன்னொன்று கடாவெரின், பிணத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து.

சுமார் நூறு வருஷம் கழித்து, இதே குடும்பத்து வேதிப்பொருட்களை வைத்து "இந்த பாக்டீரியா யார்?" என்ற கேள்விக்கு பதில் தேட ஆரம்பித்தார்கள். இன்னைக்கு அந்தக் கதைதான்.

பேர் தெரியாட்டி என்ன ஆகும்?

யானையையும் பூனையையும் பார்த்த உடனே பிரிச்சிடலாம். பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு உருண்டை, இல்லாட்டி ஒரு குச்சி. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கொண்டுவந்த சாயமுறை அவற்றை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரித்தது. அதுக்கு மேலே போறதுதான் கஷ்டம்.

1894-ல் ஜெர்மனியில் வால்டர் மிகுலா 'சூடோமோனாஸ்' என்று ஒரு பேரினத்தை உருவாக்கினார். அவர் கொடுத்த விளக்கம் ரொம்ப லூசானது: குச்சி வடிவம், முனையில் நீந்துவதற்கான கசையிழை. இந்த விளக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தார்கள். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். பழைய கோட்பேஸ் எதைத் திறந்தாலும் 'யூட்டில்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எங்கே வைக்கிறதுன்னு தெரியாத எல்லாமே அதுக்குள்ளே கிடக்கும். சூடோமோனாஸ் அப்படி ஒரு ஃபோல்டர் ஆகிப்போச்சு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதற்குள் நூற்றுக்கணக்கான பெயர்கள்.

இது லைப்ரரியில் புத்தகம் அடுக்குற பிரச்சினை மட்டும் இல்லை. சூடோமோனாஸ் மால்டோபிலியா என்று 1961-ல் பெயர் வாங்கிய ஒரு கிருமி இருக்கு. ஆஸ்பத்திரியில் பலவீனமான நோயாளிகளைத் தாக்கும். 1983-ல் அதை சாந்தோமோனாஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். 1993-ல் ஸ்டெனோட்ரோபோமோனாஸ் என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். இமிபெனெம் போன்ற வலுவான ஆன்டிபயாட்டிக் சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு எதிராகப் பயன்படும், ஆனால் மால்டோபிலியாவிடம் இயல்பாகவே செல்லாது. கோ-டிரைமாக்சசோல் அப்படியே தலைகீழ்: மால்டோபிலியாவுக்கு அதுதான் வழக்கமான முதல் மருந்து, ஏருஜினோசாவிடம் வேலை செய்யாது. ஆக, ஐசியூவில் படுத்திருப்பவருக்குப் பேர் முக்கியம்.

ஒரே ஒரு கார்பன்

இப்போ வேதிப்பொருள் பக்கம் வருவோம். இந்தக் குடும்பத்துக்குப் பொதுப்பெயர் பாலிஅமைன். இதை முதலில் கண்ணால் பார்த்தவர் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக். 1677-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், விந்துவைச் சில நாள் வைத்திருந்தால் படிகங்கள் தோன்றுவதாகச் சொன்னார். அந்தப் படிகம் ஸ்பெர்மின் என்ற பாலிஅமைனின் பாஸ்பேட். அதன் சரியான அமைப்பு தெரியவர 1920-கள் ஆகிவிட்டது. லண்டனில் ரோசன்ஹைம், டட்லி, ஸ்டார்லிங் மூவரும் 1926-ல் ஸ்பெர்மினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1927-ல் அதன் தம்பி ஸ்பெர்மிடினைக் கண்டுபிடித்தார்கள்.

அழுகல், விந்து என்று பெயர் இருந்தாலும், இவை கிட்டத்தட்ட எல்லா உயிருள்ள செல்லிலும் உண்டு, உங்க உடம்பிலும் என் உடம்பிலும்தான். அமைப்பு ரொம்ப எளிமை. கார்பன் சங்கிலி, இடையிடையே நைட்ரஜன். செல்லுக்குள் இவற்றுக்கு நேர் மின்னூட்டம். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் எதிர் மின்னூட்டம். அதனால் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை நிலையாகப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் சுவாரஸ்யம். புட்ரெசினில் நாலு கார்பன். அதோடு மூணு கார்பன் துண்டு ஒன்று சேர்ந்தால் ஸ்பெர்மிடின். மூணுக்குப் பதில் நாலு கார்பன் துண்டு சேர்ந்தால் ஹோமோஸ்பெர்மிடின். வித்தியாசம் ஒரே ஒரு கார்பன். ஆனால் அந்த ஒரு கார்பனுக்கு வேறு என்சைம் வேண்டும், வேறு ஜீன் வேண்டும். அதாவது ஒரு பாக்டீரியா எந்த பாலிஅமைனைச் செய்கிறது என்பது, அது எந்தப் பரம்பரையில் வந்தது என்பதைப் பற்றி ஏதோ சொல்லுது.

எந்த அளவுக்கு வேறுபடும் என்பதைக் காட்டியவர்களில் ஜப்பானின் தைரோ ஓஷிமா முக்கியமானவர். இசு தீபகற்பத்தின் மினே வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் தெர்மோஃபிலஸ் 75 டிகிரிக்கு மேலான சூட்டிலும் நன்றாக வளரும். 1970-களில் தொடங்கி, அதற்குள் நீளமானவை, கிளை பிரிந்தவை என்று வேறெங்கும் அதிகம் பார்க்காத பாலிஅமைன்களை அவர் குழு வரிசையாகக் கண்டுபிடித்தது. சூடு கூடினால் நீளமானவையும் கூடும்.

இரண்டாவது சாட்சி

அதே சமயம் அந்த யூட்டில்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்யும் வேலையும் நடந்தது. 1973-ல் பெர்க்லியில் பல்லெரோனியும் சகாக்களும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏ இன்னொன்றின் டிஎன்ஏவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். சூடோமோனாஸ் என்று சொல்லிக்கொண்டவை ஐந்து தனித்தனிக் கூட்டங்கள் என்று தெரிந்தது. பிறகு கார்ல் வோஸ் வழியில் 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஒப்பீடு வந்தது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற பிரிவுகளும் வந்தன.

1988-ல் ஜெர்மனியின் ஹான்ஸ்-யூர்கன் புஸ்ஸே, கியோர்க் ஆலிங் இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆர்என்ஏ சொல்வதை பாலிஅமைனும் சொல்கிறதா? செல்களை அமிலத்தில் கரைத்து, பாலிஅமைனோடு ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டவைத்து, எச்பிஎல்சி கருவியில் ஓடவிட்டால் எது எவ்வளவு என்று வரைபடம் கிடைக்கும். உண்மையான சூடோமோனாஸ் கூட்டத்தில் புட்ரெசினும் ஸ்பெர்மிடினும். பீட்டா கூட்டத்தில் மட்டும் 2-ஹைட்ராக்ஸிபுட்ரெசின் என்ற தனி முத்திரை. பல ஆல்ஃபாக்களில் ஹோமோஸ்பெர்மிடின். ஒன்றையொன்று கேட்காமல் இரண்டு சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

ஜப்பானில் கோயே ஹமானாவும் ஷிகெரு மட்சுசாகியும் பல வருஷம் பாக்டீரியா குடும்பம் குடும்பமாக இதையே அளந்து, 1992-ல் ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரை எழுதினார்கள். அதே 1992-ல் எய்கோ யபுச்சியின் குழு பழைய சூடோமோனாஸில் இருந்து ஏழு சிற்றினங்களை எடுத்து பர்க்ஹோல்டேரியா என்ற புதுப் பேரினத்தில் வைத்தது. அது பீட்டா கூட்டம்.

இந்த சாட்சியைக் கவனமாக விசாரிக்கணும் என்பதும் உண்மை. பாக்டீரியா சுற்றியுள்ள உணவில் இருந்தும் பாலிஅமைனை உறிஞ்சிக்கொள்ளும். ஈஸ்ட் சாறு ஊற்றி வளர்த்தால் அதில் இருப்பதும் உள்ளே வரும். வெப்பநிலை, வளர்ச்சிக் கட்டம் எல்லாம் அளவை மாற்றும். எல்லாரையும் ஒரே மாதிரி வளர்த்தால்தான் ஒப்பிட முடியும்.

சண்டை

யபுச்சி 1990-லேயே ஸ்ஃபிங்கோமோனாஸ் என்ற பேரினத்தையும் உருவாக்கியிருந்தார். அதில் மாசுப்பொருட்களைத் தின்று சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சிற்றினங்கள் கூடிக்கொண்டே போயின. 2001-ல் தாகெயுச்சி, ஹமானா, ஹிராய்ஷி மூவரும் அதை நாலாக உடைத்தார்கள். 16எஸ் வரிசை நாலு கிளை காட்டியது. பாலிஅமைனும் ஒத்துப்போனது: அசல் ஸ்ஃபிங்கோமோனாஸில் ஹோமோஸ்பெர்மிடின், ஸ்ஃபிங்கோபியம், நோவோஸ்ஃபிங்கோபியம், ஸ்ஃபிங்கோபிக்ஸிஸ் என்ற மூன்று புதுப் பேரினங்களில் ஸ்பெர்மிடின். ஆமாம், அந்த ஒரு கார்பன்.

யபுச்சி ஒத்துக்கொள்ளவில்லை. 2002-ல் அவர் குழு, மூன்றையும் மறுபடி ஸ்ஃபிங்கோமோனாஸுக்குள்ளேயே சேர்க்கணும் என்று எழுதியது. பேரினத்தைப் பெற்றவர் ஒரு பக்கம், அதைப் பிரித்தவர்கள் இன்னொரு பக்கம். இன்று நாலு பெயர்களும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கு. பிரித்தவர்கள் கையில் இரண்டு சாட்சி இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்று முழு ஜீனோமையே சீக்கிரம் படிச்சிடலாம். அதனால் இந்த மாதிரி வேதிச் சோதனைகளைக் கட்டாயமாக்கணுமா என்ற விவாதம் நடக்குது. என் கருத்து இது. ஜீனோம் என்பது சோர்ஸ் கோட். பாலிஅமைன் என்பது ஓடும் புரோகிராமின் அவுட்புட். கோட் படிச்சாலே போதும்னு சொல்ற எந்த டெவலப்பரையும் நான் முழுசா நம்ப மாட்டேன். ஒரு ஜீன் இருக்கு என்பதும், அந்த செல் உண்மையில் அந்தப் பொருளைச் செய்கிறது என்பதும் வேறு வேறு தகவல். இரண்டும் ஒத்துப்போகும்போது பெயர் மேல் நம்பிக்கை வருது. ஒத்துப்போகாதபோது அங்கே தோண்டிப் பார்க்க ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

இன்றைக்கு இவ்வளவுதான். உங்க கேள்விகளை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.