சாவி, கம்பி, சைரன்

கார் பூட்டுக்கெல்லாம் சரித்திரமா என்று தங்கமணி கேட்டாச்சு. பி.காம் படித்த வங்கிக்காரனுக்கு இது தேவையா என்றும் கேட்டாச்சு. காரணம் கடைசியில்.

ஜன்னலில் தொடங்குவோம். 1940ல் அமெரிக்காவின் பேக்கார்ட் 180 காரில் ஹைட்ராலிக் அழுத்தம் கண்ணாடியை ஏற்றி இறக்கியது. 1951ல் கிறைஸ்லர் இம்பீரியலில் அந்த வேலையை மின்மோட்டார் எடுத்துக்கொண்டது. 1956ல் பேக்கார்ட் கார்களில் மின்சாரக் கதவுப் பூட்டு. எல்லாம் காசுள்ளவர்கள் கை நோகாமல் இருக்க வந்த சொகுசு.

1982ல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில், தள்ளி நின்றே பூட்டும் ரிமோட் வந்தது. கண்டுபிடித்தவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரிலிருந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை 'ப்ளிப்' என்கிறார்கள். ஆரம்பகால ரிமோட்டுகள் ஒரே சங்கேதத்தையே அனுப்பின. அதைப் பதிவு செய்தால் திருடனும் திறக்கலாம். அதற்கு மருந்தாக, ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் சங்கேதம் வந்தது. அப்படித் தென்னாப்பிரிக்காவில் உருவான 'கீலாக்' முறையை 1995ல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. 2008ல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதையும் உடைத்துக் காட்டினார்கள்!

நம் நாட்டில்? 1983ல் மாருதி 800 வந்தபோது, நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் கிடைத்ததே பெரிசு. ஜன்னலுக்குச் சுற்றும் கைப்பிடி, கதவுக்குக் குமிழ். மீதியை டெல்லி கரோல்பாக் போன்ற கடைத்தெருக்கள் பார்த்துக்கொண்டன. வெளிநாட்டில் நாற்பது வருடத்தில் ஒவ்வொன்றாக வந்ததை, நம் மிஸ்திரி ஒரே மத்தியானத்தில் மாட்டிவிடுவார்.

2009ல் நானும் செகண்ட் ஹேண்ட் ஆல்டோவோடு அங்கே போய் நின்றேன். பூட்டு மோட்டாருக்கு இரண்டு கம்பி. ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் கொடுத்தால் பூட்டும். மாற்றிக் கொடுத்தால் திறக்கும். டெபிட், கிரெடிட் மாதிரிதான், எனக்கே புரிந்தது. டிரைவர் கதவு மோட்டாருக்கு மட்டும் ஐந்து கம்பி. அந்தக் கதவைச் சாவியால் திறந்தாலும் மற்றக் கதவுகளுக்குச் செய்தி போகும். கூடவே பவர் விண்டோவும் போட்டு, பூட்டினால் கண்ணாடிகள் தானே ஏறும்படி ஒரு பெட்டியும் இணைத்தார். பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம், மே மாத வெயில். மூன்று வயது மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அழாமல் இருக்கச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு டிக்கியில் பையை வைக்கப் போனோம். 'டக்'. நாலு கதவும் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் ஏறின.

ரிமோட்டில் திறந்து முப்பது விநாடிக்குள் எந்தக் கதவும் திறக்கப்படவில்லையென்றால், தானே மறுபடி பூட்டுவது அலாரத்தின் வழக்கம். கதவு திறந்ததை அது உள்விளக்கின் சுவிட்சை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். என் காரில் அந்தச் சுவிட்ச் முன்கதவுகளில் மட்டும். பின்கதவு திறந்ததை அலாரம் பார்க்கவே இல்லை.

வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும். மயூர் விஹார் வீட்டின் மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. டூப்ளிகேட் சாவியை டிரைவர் கதவில் போட்டுத் திருகினேன். சைரன் அலறியது, கதவுகள் திறந்தன. வேர்வையில் நனைந்த குழந்தை சிரித்தது. நாங்கள் இருவரும் அழுதோம்.

மறுநாளே பின்கதவுகளுக்கும் சுவிட்ச் போட்டு, தானாகப் பூட்டும் வசதியை நிறுத்தச் சொன்னேன். மகள் இன்று கல்லூரியில். தங்கமணியின் கைப்பையில் டூப்ளிகேட் சாவி இன்றும் இருக்கிறது.

அலாரம் மாட்டப் போகிறவர்கள் மிஸ்திரியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எல்லாக் கதவும் இதற்குத் தெரியுமா? கம்பி சொதப்பினால் வெறும் சாவியால் திறக்க முடியுமா?