பாலைமண்ணில் வடித்த வரைபடம்

பாலையில் வழி தவறியவனுக்குத் திசையெல்லாம் ஒரே தோற்றமாய் இருக்கும். குன்றுக்கும் குன்றுக்கும் வேற்றுமை தோன்றாது. அத்தகைய நிலத்தில் பல்லாயிரம் வீரரை நடத்தும் படைத்தலைவனுக்கு நிலவரைபடமே கண்ணாகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க நாட்டின் மொகாவி, கொலராடோ பாலைகளில் அமைந்த பயிற்சிக்களம் இதற்குச் சான்றாகும்.

1942ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவில் ரோமலின் படைகள் பிரிட்டிஷ் படையை நெருக்கிக்கொண்டிருந்தன. பாலைப்போர் அறியாத அமெரிக்க வீரரைப் பழக்கும் பொறுப்பு ஜெனரல் ஜார்ஜ் பேட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தென்கிழக்குக் கலிபோர்னியாவை வானிலிருந்தும் தரையிலிருந்தும் ஆராய்ந்து களத்தைத் தேர்ந்தார். குடிமக்கள் குறைவு, இருப்புப்பாதைகள் உண்டு, கொலராடோ ஆற்றுநீரைக் கொணரும் கால்வாயும் உண்டு. ஆனால், பல பகுதிகளுக்கு நுட்பமான நிலவரைபடம் இல்லை.

இக்குறையைப் படைப் பொறியாளர் நீக்க முற்பட்டனர். விமானத்திலிருந்து ஒன்றோடொன்று ஓரளவு மேற்படியுமாறு படங்கள் எடுக்கப்பெற்றன. அடுத்தடுத்த இரு படங்களைக் கருவியின் துணையால் ஒருங்கே நோக்கினால் மேடும் பள்ளமும் உருவெடுக்கும். தரையில் அளந்தறிந்த புள்ளிகளோடு அவற்றைப் பொருத்தியே சமவுயரக் கோடுகள் வரையப்படும். இக்கோடுகள் நெருங்கின் செங்குத்துச் சரிவு, விலகின் மென்சரிவு. எந்த மேட்டின் பின்னே பகைவன் மறைவான், எந்தக் கணவாயில் டாங்கி ஏறும் என்பனவற்றைக் கோடுகளே உணர்த்தும்.

எனினும், கோட்டை மலையாகக் காணும் பயிற்சி எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. அயர்ன் மவுண்டன் பாசறையில் இதற்கொரு வழி கண்டனர். சுற்றியுள்ள நிலத்தின் மலைகளையும் பள்ளங்களையும் சிற்றுருவாக்கி, திறந்த வெளியில், தரைமீதே பெரியதொரு வரைபடம் சமைத்தனர். வீரர் அதனைச் சுற்றி நின்று, தாம் செல்லவிருக்கும் நிலத்தைக் கண்ணாரக் கண்டறிய முடிந்தது. தாளில் கண்ட கோட்டைத் தவறாகப் படித்தவன் போர்க்களத்தில் உயிரையே விலையாகக் கொடுக்க நேரும் அன்றோ!

1944இல் பயிற்சிக்களம் மூடப்பட்டது. கூடாரங்கள் மறைந்தன. அப்பாசறையிலோ, வீரர் வழிபட்ட கல்மேடைகளோடு அம்மண் வரைபடத்தின் எச்சமும் நிலைத்திருக்கின்றது.

வகுப்பறையில் நிலநூல் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சமவுயரக் கோட்டின் இலக்கணத்தை நெட்டுருச் செய்விப்பதினும், ஒரு பிடி ஈரமணலால் சிறு குன்று எழுப்பி, அதன்மீது மாணவன் தானே கோடிழுக்கச் செய்வது நன்று. கை அறிந்ததைக் கண் எளிதில் மறவாது.