கிள்ளான் துறைமுகமும் கரையிறங்கும் உடையும்

உல்லாசக் கப்பல்களில் பயணம் செய்வோர், கப்பல் துறைமுகத்தில் நின்று பயணிகளை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பும் நாள்களுக்கென்று தனியாக உடை தேர்ந்து எடுத்துச் செல்கின்றனர். வெயிலுக்கு ஒன்று, வழிபாட்டு இடங்களுக்கு ஒன்று, கடற்குளியலுக்கு ஒன்று எனப் பெட்டியில் அடுக்கும் இப்பழக்கம் புதியதுபோல் தோன்றினாலும், கப்பலை விட்டு இறங்கும்போது உடலில் என்ன துணி இருக்க வேண்டும் என்னும் கேள்வி மலேசியாவின் கிள்ளான் கரைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழகியது. வெயிலும் மழையும் அக்கேள்விக்கு ஓரளவே விடை சொல்லின. கரையில் நின்று வருவோரைப் பார்த்தவர் மருத்துவரா, தோட்டத் துரையா, உறவினரா என்பதே பெரும்பாலும் உடையைத் தீர்மானித்தது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிய இருப்புப்பாதை 1886 இல் புக்கிட் கூடா வரை வந்து, பின்னர் கிள்ளான் நகரை எட்டி, ஆற்றின் முகத்துவாரத்தில் 1901 இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தோடு இணைந்தது. ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் எனப்பட்ட அத்துறைமுகம் திறந்த உடனேயே மலேரியாவுக்கு ஆட்பட்டதும், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலத்தின் நீரை வடித்து நோயைக் கட்டுப்படுத்தியதும் மருத்துவ வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்கு வழியாக வந்த கப்பல்கள், சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களுக்கான தமிழர்களை இங்கேதான் இறக்கின. 1972 இல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அக்கப்பல்களில் மிகப் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள், அதாவது அறையும் படுக்கையும் இன்றித் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். ஏறத்தாழ ஒரு வாரம் நீண்ட அப்பயணத்தில் நன்னீர் அளந்தே கிடைத்ததால், கட்டிய வேட்டியும் சேலையும் உப்புக்காற்றில் விறைத்துப் போவது தவிர்க்க இயலாததாக இருந்தது. ஆகவே நல்ல உடை ஒன்றை மூட்டையின் அடியில் மடித்து வைத்து, கரை தெரியும்போது எடுத்துக் கட்டுவதே இயல்பான விருப்பமாக இருந்திருக்கும். ஆனால் அந்த விருப்பத்துக்குக் குறுக்கே நோய்த்தடுப்பு முகாம் நின்றது. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும், போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் மேல்தளப் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டு, மருந்து கலந்த நீரில் குளிக்கவைக்கப்பட்டு, அவர்களுடைய துணிகள் நீராவியில் வேகவைக்கப்பட்ட பிறகே வெளியே விடப்பட்டனர். சாயம் போன, சுருக்கம் விழுந்த, ஈரம் உலராத துணியே பலருக்கு மலாயாவில் முதன்முதலாக உடுத்திய துணியாயிற்று. அறை வகுப்பில் வந்தோரில் பெரும்பாலானவர்களை இந்தச் சோதனை தொடவில்லை. நோய்க்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை என்பது அக்கால மருத்துவர்களுக்குத் தெரியாததன்று.

இதே கடல்வழியில் துணியே சரக்காகவும் போயிற்று. கட்டம் போட்ட கைலிகளைத் தமிழ் முஸ்லிம் வணிகர் சோழமண்டலக் கரையிலிருந்து நெடுங்காலமாக மலாய் நாட்டுக்கு அனுப்பிவந்தனர். மலாய்க்காரர்கள் அத்துணியை இன்றும் பழவேற்காட்டின் பெயராலேயே காயின் பெலிக்காட் என்கின்றனர். மூட்டையில் கைலி வைத்திருந்த தமிழ்ப் பயணிக்குக் கரையில் வீட்டு உடையையாவது மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஐரோப்பியரின் ஏற்பாடு வேறு வகையானது. கிழக்கு நோக்கி வந்த கப்பல்கள் சூயஸ் கால்வாயின் வாயிலில் உள்ள போர்ட் சயித் துறைமுகத்தில் நிற்கும்போது, பயணிகள் இறங்கிச் சென்று சைமன் ஆர்ட்ஸ் என்னும் பெருங்கடையில் சோலார் தொப்பி வாங்குவது ஏறக்குறையச் சடங்காகவே இருந்தது. நீர்நிலைகளில் வளரும் நெட்டி என்னும் செடியின் தக்கையைக் கொண்டு செய்து வெள்ளைத் துணி போர்த்திய அத்தொப்பி, வெப்பமண்டலச் சூரியன் வெள்ளையரின் மூளையைத் தாக்கும் என்ற அக்கால மருத்துவ நம்பிக்கையின் விளைவு. கரைக்கு இறங்கும் நாளில் உடை வாங்குவது என்னும் பழக்கத்தின் மூத்த வடிவம் இதுவே எனலாம். உடையை மறந்து வந்தவர்களுக்கும் கிழித்துக்கொண்டவர்களுக்கும் கோலாலம்பூரில் ஜான் லிட்டில், ராபின்சன் ஆகிய பல்பொருள் அங்காடிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வெறும் துணித் தொப்பியோடும் திறந்த தலையோடும் படைவீரர்கள் அதே வெயிலில் நடமாடியதைக் கண்ட பிறகு, நெட்டித் தொப்பியின் மருத்துவ நியாயம் ஓசையின்றி மறைந்தது.

இவ்விரு தரப்புக்கும் இடையில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நின்றது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்று, இரயில்வே பணிமனையாலும் ஊழியர் குடியிருப்புகளாலும் வளர்ந்த அப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்கள் பெருமளவில் குடியேறினர். கிராணி என்று அழைக்கப்பட்ட அவர்கள் அலுவலகத்துக்கு அணிந்தது, கழுத்துவரை பொத்தான் பூட்டிய தடித்த வெள்ளைப் பருத்தி மேற்சட்டை. மலாய் மொழியில் பாஜு தூத்தோப், அதாவது மூடிய சட்டை எனப்பட்ட அது ஆங்கிலேய அதிகாரிகளின் அன்றாட உடையுமாகும். அதே மனிதர்கள் 1902 இல் நிறுவிய கந்தசுவாமி கோயிலுக்குள் வேட்டியும் சால்வையுமாகவே நுழைந்தனர். ஒரே நாளில் இரு உடைகளுக்கு இடையே மாறும் இத்திறம், அலுவலகத் தகுதியையும் சமூகத் தகுதியையும் ஒருசேரக் கைக்கொள்ளும் வழியாக இருந்தது.

தோட்டத்தில் இந்த மாற்றத்துக்கு இடமில்லை. கங்காணி, அதாவது ஊருக்குத் திரும்பிச் சென்று ஆள்சேர்த்து வந்து அவர்களை மேற்பார்த்தவர், தலைப்பாகையும் கோட்டும் குடையுமாகத் தோன்றியது தற்செயலன்று. அந்தக் கோட்டே மலாயாவில் பணம் விளைகிறது என்பதற்குக் கிராமத்தில் காட்டப்பட்ட சான்று. அதை நம்பிக் கப்பலேறியவர்கள் பால்மரம் சீவும்போது உடுத்தியதோ, இரப்பர்ப் பாலின் கறை ஏறி எந்தச் சலவைக்கும் வெளுக்காத பழந்துணி. உதவித்தொகையுடன் கூலியாட்கள் வெளியேறுவதை இந்திய அரசு 1938 இல் தடுத்தபோது கங்காணியின் கோட்டும் தன் வேலையை இழந்தது.

உடை வெளிப்படையாக அரசியலானதும் கிள்ளானில்தான். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையும் இடம்பெற்றது. தொழிலாளர்கள் காந்தித் தொப்பி அணிந்து நின்றது துரைமார்களுக்கு ஊதியக் கோரிக்கையைவிட எரிச்சலூட்டியது போலும். படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் கோலாலம்பூரின் ஜானகி தேவர் போன்ற நகர்ப்புறப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் காற்சட்டையும் காக்கிச் சட்டையும் அணிந்து அணிவகுத்தனர். தமிழ்ப் பெண்கள் பொதுவெளியில் காற்சட்டை அணிந்ததைக் கண்டு சமூகம் அதிர்ச்சியுற நேரமில்லாதபடி போர் அவர்களைச் சூழ்ந்திருந்தது.

போருக்குப் பின் தொடர்ந்த பயணங்களில் பழைய பெயர் ராஜுலா. கிளாஸ்கோவில் 1926 இல் கட்டப்பட்டு, தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்த அக்கப்பல், 1973 வரை தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது. இப்போது துணி எதிர்த்திசையில் பயணம் செய்தது. கரையில் காத்திருக்கும் உறவினருக்கெனக் கிள்ளானிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாங்கிய நைலக்ஸ் புடவைகள் டிரங்குப் பெட்டிகளில் நிறைந்தன. துவைத்தால் சுருங்காத, கஞ்சி போடத் தேவையில்லாத அச்செயற்கை இழைத் துணிக்குத் தமிழக ஊர்களில் இருந்த மதிப்பு, பெட்டியைத் திறந்தபோது கூடிய கூட்டத்தில் தெரிந்தது. ராஜுலாவுக்குப் பின் ஓடிய எம். வி. சிதம்பரம் 1985 இல் தீவிபத்துக்கு உள்ளானதும், மலிந்து வந்த விமானப் பயணமும் இந்தக் கடல்வழியை மூடின.

கப்பல் மீண்டும் தமிழர் வாழ்வில் நுழைந்தது உல்லாசத்தின் பெயரால். 1993 இல் தொடங்கிய ஸ்டார் குரூஸ் நிறுவனத்தின் கப்பல்கள் போர்ட் கிள்ளானையும் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட் தீவையும் சுற்றிவந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கின் நடுத்தரக் குடும்பங்கள் முதன்முறையாக நீச்சல் உடை பற்றி யோசிக்க நேர்ந்தது. அதுவரை மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் கடலில் இறங்கிய பெண்கள் சுடிதாரோ பழைய சட்டையோ அணிந்தே நனைந்தனர். அதில் வெட்கமும் உண்டு, பழக்கமும் உண்டு. கப்பலின் நீச்சல் குளமோ வேறு விதி கொண்டது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துப் போவதோடு, அதன் இழைகள் கழன்று நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியை அடைக்கும் என்பதால், நைலானும் நீட்சி தரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த உடையையே பல குளங்களின் நிர்வாகங்கள் அனுமதிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அஹேடா ஜானெட்டி 2004 இல் வடிவமைத்த புர்கினியைப் போன்ற, உடலை முழுதும் மூடும் நீச்சல் உடை மலேசியாவில் முஸ்லிம் பெண்களிடையே பரவியபோது, நீண்ட கையும் நீண்ட காற்சட்டையும் கொண்ட அதன் எளிய வகைகளைத் தமிழ்ப் பெண்களும் தயக்கமின்றி ஏற்றனர். மதம் வேறு, வெயிலும் கூச்சமும் ஒன்று.

திசை திரும்பி, வெளிநாட்டுப் பயணிகள் போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூருக்குப் பேருந்தேறும் நாள்களில் இன்று கரையில் நின்று பார்ப்பவர் கோயில் காவலரும் பள்ளிவாசல் தொண்டரும் ஆவர். 1965 இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலில் தலையும் கைகாலும் மூடாமல் வருவோருக்கு நீண்ட அங்கி தரப்படுகிறது. பத்துமலைக் கோயிலுக்கு ஏறும் 272 படிகளின் அடிவாரத்தில், முழங்காலுக்கு மேல் ஏறிய உடையுடன் வரும் பெண்களுக்குக் கைலித் துணி வாடகைக்குக் கிடைக்கிறது. சிலர் அதை இடுப்பில் முடியத் தெரியாமல் தடுமாறும்போது, கடைப்பெண்ணே முடிந்து விடுவதும் உண்டு. கிள்ளானின் தெங்கு கெலானா சாலையிலும், 2010 இல் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள துணிக்கடைகளில் இவர்களில் சிலர், அன்றைய ஒரு பகலுக்குத் தேவையான மெல்லிய பருத்திக் குர்த்தாவோ துப்பட்டாவோ வாங்கிக்கொண்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புகின்றனர்.