வாத்ய விருந்தா: வானொலியின் தேசிய வாத்தியக் குழு

வாத்ய விருந்தா என்பது அகில இந்திய வானொலி 1952-ஆம் ஆண்டில் டில்லியில் அமைத்த தேசிய வாத்தியக் குழுவாகும். ஹிந்துஸ்தானி, கர்நாடகம் ஆகிய இரு மரபுகளையும் சேர்ந்த வித்துவான்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து, முன்கூட்டி எழுதிவைத்த உருப்படிகளை ஒருவருடைய கையசைவுக்கு இசைந்து வாசிப்பதென்பது, தனி வித்துவானின் மனோதர்மத்தையே உயிராகக் கொண்டு வளர்ந்த நமது சங்கீதத்தில் மிகத் துணிவான ஒரு பிரயத்தனமாகும்.

பல வாத்தியங்கள் கூடி ஒலிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. குழலும் யாழும் தண்ணுமையும் ஆமந்திரிகையும் இயைந்து ஒலித்த முறையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விவரிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவர், இத்தகைய கூட்டங்களை உத்தமம், மத்திமம், கனிஷ்டம் எனத் தரம் பிரித்துச் சங்கீத ரத்னாகரத்தில் எழுதியுள்ளார். தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்தில் ஐரோப்பிய வாத்தியங்கள் கொண்ட அரண்மனை பாண்டும் இருந்தது.

ஐரோப்பிய முறையிலான பம்பாய் சிம்பொனிக் குழுவை மெஹ்லி மேத்தா 1935-இல் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில் பம்பாய் வந்து சேர்ந்த யூதரான வால்டர் காஃப்மன், வானொலி நிலையங்கள் நாள்தோறும் காலையில் ஒலித்த முகப்பு இசையை அமைத்தவர். 1940-இல் ரியோ டி ஜெனிரோவில் நிறுவப்பட்ட பிரேசில் சிம்பொனிக் குழுவுக்கும் ஐரோப்பாவை விட்டு வெளியேறிய ஹங்கேரிய யூதரான யூஜென் செங்காரே முதல் நடத்துநராக வாய்த்தார். ஆனால் ஹார்மனி முன்பே வேரூன்றியிருந்த அந்நாட்டில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் போன்றவர்கள் நாட்டு மெட்டுகளை அதனுள் இழைத்துவிட முடிந்தது. ராகமே அனைத்துமாக இருக்கும் இந்நாட்டில் அந்த வழி திறந்திருக்கவில்லை. 1937-இல் டில்லி வானொலியில் சேர்ந்த ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் இந்திய வாத்தியக்காரர்களைக் கொண்டு ஒரு குழுவைப் பயிற்றத் தொடங்கினார். 1939-இல் அவர் கல்கத்தாவில் காலமானதால் அம்முயற்சி முதிராமலே நின்றது.

சுதந்திரத்துக்குப் பின், பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக வந்த 1952-ஆம் ஆண்டில், வாத்ய விருந்தா உருப்பெற்றது. 1949 முதல் டில்லி வானொலியில் பணியாற்றிவந்த ரவிசங்கரும், தென்னாட்டுப் பிடில் வித்துவான் டி. கே. ஜயராமய்யரும் அதை நடத்தினர்.

அவர்களை எதிர்நோக்கிய சிரமங்கள் சாமானியமானவையல்ல. சுருதி கூட்டுவதிலேயே தொல்லை ஆரம்பித்தது: தந்தி வாத்தியங்களை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், துளையிட்ட மூங்கில் குழலோ தன் சுருதியை விட்டு நகராது. அதைவிடப் பெரியது கமகம். ஒரு தோடியின் காந்தாரத்தை ஒரு வித்துவான் அசைப்பதுபோல் மற்றொருவர் அசைப்பதில்லை. பத்துப் பிடில்கள் சேர்ந்து அசைத்தால், எல்லோரும் ஒரே பாடாந்தரத்தைப் பயின்றாலன்றி, ராகத்தின் சாயை கலங்கிவிடும். அசைவு குறைந்து ஸ்வரங்கள் நேராக நிற்கும் ஹம்ஸத்வனி, மோகனம் போன்ற ராகங்கள் குழுவாசிப்புக்கு எளிதில் இணங்குவதன் காரணம் இதுவே. ஹார்மனி இல்லாத இடத்தில் வைசித்திரியம் எங்கிருந்து வருவது என்னும் கேள்விக்கு, ஒரு வாத்தியம் விட்ட இடத்தில் மற்றொன்று தொடர்வது, மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் உரையாடுவது, லயத்தைக் கட்டம் கட்டமாக உயர்த்துவது ஆகியவையே விடைகளாயின. வீணையின் மெல்லிய நாதம் பிற வாத்தியங்களின் முழக்கத்தில் அமிழ்ந்துவிடாமல் காத்தது ஒலிவாங்கியேயாதலின், இக்குழுவை வானொலி பெற்றெடுத்த குழந்தை என்பது மிகையாகாது; சபாக் கச்சேரிகள் எட்டாத ஊர்களுக்கும் வித்துவான்களின் வாசிப்பைக் கொண்டுசெல்ல வல்லதும் அந்த வானொலியே.

1956-இல் ரவிசங்கர் விலகியபின், நீண்ட மூங்கில் குழலைச் சாஸ்திரீய மேடைக்குக் கொணர்ந்த பன்னாலால் கோஷ் பொறுப்பேற்று, 1960-இல் மறையும்வரை பணிபுரிந்தார். தென்னாட்டுப் பகுதியைப் பின்னர் வளர்த்தவர்களுள் ஆந்திர வைணிகரான ஈமனி சங்கர சாஸ்திரி முதன்மையானவர். ஜெமினி ஸ்டூடியோவில் பெற்ற அனுபவமும், தந்தையாரிடம் பெற்ற வீணைப் பயிற்சியும் அவரிடம் கலந்திருந்தன. கமகத்தைத் தியாகம் செய்து கூட்டொலியைப் பெறுவதைவிட, வீணையைத் தன் இயல்பில் பேசவிட்டு மற்றவற்றை அதைச் சூழ நிறுத்துவதே இச்சங்கீதத்துக்குப் பொருந்திய நெறி என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

1963-இல் பம்பாய்த் திரைப்பட இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் டில்லிக்கு வந்து குழுவின் இயக்குநரானார். திரைப்படப் பாட்டை வானொலியிலிருந்து விலக்க முனைந்த காலத்தில் பிறந்த ஒரு குழு, அத்திரையுலகிலேயே பெரிய வாத்தியக் கூட்டங்களை நடத்தித் தேர்ந்தவரை இவ்வாறு தன் தலைமைக்கு ஏற்றது.