புகைக்கூடமும் பூஞ்சணமும்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மா பால் வெட்டினார். பெரியப்பா புகைக்கூடத்தில் அடுப்புப் பார்த்தார். ரப்பர் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கையின் ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்ட 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளைச் சொல்வார்கள். 1952இல் சீனாவோடு செய்த ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். ரப்பரை மழையிடமிருந்து காப்பாற்றியவர்களைப் பற்றி ஒரு வரியும் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேலும் மழை கொட்டும். காலையில் வெட்டிய பாலில் போர்மிக் அமிலம் கலந்தால் மறுநாளைக்குள் உறைந்துவிடும். உருளையில் கொடுத்து நீரைப் பிழிந்து, சீட்டாக்கித் தொங்கவிடுவார்கள். அப்போதும் சீட்டுக்குள் ஈரம் இருக்கும். பாலிலிருந்த புரதமும் சர்க்கரையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பூஞ்சணத்துக்கு அது போதும். பூஞ்சணம் ஏறிய சீட்டின் தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும்.

புகைக்கூடத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடந்தன. சூடு சீட்டை உலர்த்தியது. புகையிலிருந்த பீனோல் வகைப் பொருள்கள் சீட்டில் படிந்து பூஞ்சணத்தைத் தடுத்தன. வெட்டி ஓய்ந்த ரப்பர் மரமே விறகு. நாலைந்து நாளைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பம் குறையாமல் நிற்கவேண்டும். தீ கூடினால் சீட்டில் குமிழ் வரும், தணிந்தால் ஈரம் நிற்கும். ஆகவே இரவிலும் ஆள் வேண்டும். பெரியப்பாவின் கண்கள் எந்நேரமும் சிவந்தே இருந்தன. இருமல் அவரை விட்டுப் போகவேயில்லை. சீட்டைக் காத்த அதே புகையைத்தான் அவர் சுவாசித்தார்.

பின்னர் பூஞ்சணத்தைத் தடுக்கப் பாரா நைட்ரோபீனோல் என்ற இரசாயனம் வந்தது. பூஞ்சணத்துக்கு நஞ்சான அது தொடுகிற மனிதருக்கும் நஞ்சு.

இவற்றுக்கு ஒரு மாற்று பக்கத்திலேயே இருக்கலாம்: எங்கள் மாகாணத்தில் ரப்பருக்கு அயலிலேயே கறுவா வளர்கிறது. கறுவா இலையைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். கராம்பு எண்ணெயிலும் அதுவே. அதுவும் பீனோல் வகைதான், பூஞ்சணத்தை அடக்கவும் செய்யும். ஆனால் எண்ணெயைச் சும்மா பூசினால் சீக்கிரம் ஆவியாகிவிடும். இந்தக் குறையைப் போக்க, மாப்பொருளிலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரினிலோ கருவேல இனப் பிசினிலோ எண்ணெயை அடைத்துவைக்கிறார்கள்; உறைக்குள்ளிருந்து அது மெதுவாகக் கசியும். உணவுப் பொதிகளுக்காக ஆய்வுகூடங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

புகையில்லாமல் வெறும் சூட்டில் உலர்த்திய சீட்டும் உலகச் சந்தையில் விற்கிறது. அப்படியானால் புகைக்கு எஞ்சிய வேலை பூஞ்சணத்தைத் தடுப்பது ஒன்றுதான். அந்த வேலையைக் கறுவா எண்ணெய் ஏற்குமா என்று பார்க்க அகலவத்தை ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பார்க்கும்போது சீட்டின் நிறத்தோடும் இழுவையோடும் நிறுத்திக்கொள்ளாமல், புகைக்கூடத்தில் நிற்கிறவரின் மூச்சையும் அங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து எழுதவேண்டும்.