5 மணி நேரம், 25 மதிப்பெண்: நிலைத்த வளர்ச்சிக் கல்வியும் பாலக்கோட்டு நிலத்தடி நீரும்

பல்கலைக்கழகங்களில் நிலைத்த வளர்ச்சிக் கல்வி வேர்பிடிக்காததற்குப் பாடத்திட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருப்பதே காரணம் என்ற முடிவு நம் துறையில் நெடுநாளாக மறுப்பின்றி வழங்கிவருகிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் தொடர்ச்சியாக, இளநிலைப் பட்டப் படிப்புகள் அனைத்துக்கும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதச் சுற்றுச்சூழல் பாடத்திட்டமே இங்குக் குற்றம் சாட்டப்படுகிறது. அலகுத் தலைப்புகளை மட்டும் பார்த்தால் குற்றச்சாட்டு பொருந்தவே செய்கிறது. நிலைத்த வளர்ச்சி 6-ஆம் அலகின் முதல் வரியாக வந்து, 7 வகுப்புகளுக்குள் நீர் சேமிப்பு, பருவநிலை மாற்றம், சட்டங்கள் ஆகியவற்றோடு இடத்துக்குப் போராடுகிறது.

ஆனால் அந்த ஆவணத்தின் மதிப்பீட்டுப் பகுதியை முந்தைய ஆய்வுகள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. மொத்தம் 50 வகுப்புகள். கடைசி அலகான களப்பணிக்கு அவற்றில் 5 மட்டுமே. தேர்வின் 100 மதிப்பெண்ணிலோ குறுவினாவுக்கு 25, கட்டுரை வினாவுக்கு 50, களப்பணிக்கு 25. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பெறும் பகுதி மதிப்பெண்ணில் கால் பங்கு பெறுகிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. வகுத்தவர்களின் உள்ளக்கிடக்கையை ஓர் அட்டவணையிலிருந்து முழுமையாக மீட்டுவிட முடியாதுதான். எனினும், வகுப்பறைக்கு வெளியே மாணவர் தம் உழைப்பால் திரட்டும் உள்ளூர்ச் சான்றுக்கே அவர்கள் கூடுதல் எடை தந்தார்கள் என்பது என் துணிபு. அப்படியானால் பழுது பாடத்திட்டத்தில் இல்லை. அந்த 25 மதிப்பெண்ணை ஒப்படைப்பாகவும் வருகைப் பதிவாகவும் கரைத்துவிடும் நடைமுறையில் இருக்கிறது.

அந்த எடை எதற்கானது என்பதைப் பாலக்கோடு வட்டத்தில் காணலாம். இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கரும்பை நம்பியிருக்கிறது, கரும்பு தண்ணீரை. சின்னாறும் ஏரிகளும் வறண்டால் ஆழ்துளைக் கிணறே கதி. பாறையோடு நெடுங்காலம் தங்கும் நீரில் ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற மேல்வரம்பைத் தாண்டிய அந்த நீர் பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. பாடநூல் இதைத் தீர்வு என்று எழுதி முடித்துவிடும். காவிரி நீர் குடத்துக்கு வந்தபின் வயலுக்கு இறைக்கும் அளவு குறைந்ததா, கூடியதா என்று எந்தப் பாடநூலும் கேட்காது. வேளாண் மின்சாரம் இலவசம். தக்காளி விலை சரியும் பருவத்தில் பறிகூலிக்கும் கட்டுபடியாகாமல் காய் செடியிலேயே விடப்படுகிறது, அதற்குப் பாய்ச்சிய நீரும் அதோடு போகிறது. வருங்காலத் தலைமுறையின் தேவை என்று 1987-இன் பிரண்ட்லாண்ட் அறிக்கை பொதுப்படக் கூறியது, இங்கே கிணற்றின் ஆழமாகவும் மோட்டார் ஓடும் மணிக்கணக்காகவும் அளக்கக்கூடியதாகிறது.

களப்பணிக்குப் பேருந்துச் செலவு ஆகும் என்பது பொருட்படுத்தத்தக்க மறுப்பன்று. பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கும் சேலத்துக்கும் படிக்கச் செல்லும் மாணவருக்குக் களம் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. ஊருக்கு ஊர் களம் மாறினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது என்ற மறுப்பு வலுவானது. ஆயினும் ஒப்பிட வேண்டியது கிடைத்த முடிவை அன்று. எத்தனை கிணறுகள் எந்தெந்த மாதத்தில் அளக்கப்பட்டன, உழவரின் கூற்று அளவோடு முரண்பட்ட இடத்தில் மாணவர் என்ன செய்தார் என்பவை எந்த ஊருக்கும் பொதுவான அளவுகோல்கள். 2023-இல் மானியக் குழு வெளியிட்ட புதிய வழிகாட்டுதலிலும் களப்பணி இருக்கிறது. இத்தகைய அளவுகோல்களைப் பல்கலைக்கழகங்களின் பாடக் குழுக்கள் எழுத்தில் வகுக்காதவரை அதுவும் ஒப்படைப்புத் தாளாகவே சுருங்கும்.