பனிமூட்டத்தில் நம்மை யார் காண்பார்? பகல்நேர விளக்கும் மலையக வீதிகளும்

மத்திய மலைநாட்டில் பனிமூட்டம் நிலவுவதால் வாகனங்களின் முன்விளக்குகளை ஒளிரவிட்டு அவதானமாகச் செலுத்துமாறு பொலிஸார் சாரதிகளைக் கேட்டுக்கொள்ளும் செய்தியை ஆண்டுக்குப் பல தடவை வாசிக்கிறோம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் என்று ஊர்ப்பெயர்கள் மாறும். கோரிக்கை மாறாது.

ஆனால் அதே காலைப்பொழுதில் வீதியோரம் நின்று பார்த்தால், விளக்கு எரியாமல் வரும் வாகனங்கள் பலவற்றைக் காணலாம். சிலர் மறந்துவிடுகிறார்கள். சிலர் பற்றரி இறங்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். இன்னும் சிலரோ தமது வாகனத்தில் விளக்கு ஏற்கெனவே எரிகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். புதிய கார்களில் பகலிலும் தானாக எரியும் அந்தச் சிறிய வெள்ளை விளக்குகளே இந்த மூன்றாவது வகையினரின் நம்பிக்கைக்குக் காரணம். அந்த விளக்கு என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதை மலையக வீதிகளில் செல்லும் எவரும் அறிந்திருப்பது நல்லது.

வெளிச்சத்தின் ஊர்

நோட்டன் பிரிட்ஜுக்கும் வெளிச்சத்துக்கும் பழைய தொடர்புண்டு. கெஹெல்கமு ஓயாவை மறித்து இங்கே கட்டப்பட்ட அணையின் நீரால்தான் 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திரவின் நீண்டகாலக் கனவு அது. மேலே காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரால் இயங்கும் மின்நிலையம் 1965 முதல் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த ஆறுகளின் மின்சாரம் கொழும்பை ஒளிரச் செய்தபோது, அவற்றின் கரையிலிருந்த தோட்டங்களின் லயன் அறைகள் பல பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கித்துல்கலைப் பக்கமிருந்து ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து முகிலாகி வீதியின் மேல் படிகிறது. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை இங்கிருந்து தூரமில்லை. டிசம்பரிலிருந்து மே வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகர் வாகனங்களும் இதே வீதிகளில் சேர்ந்துகொள்கின்றன. அவற்றின் சாரதிகளில் பலருக்கு இந்த வளைவுகள் பழக்கமில்லை.

வீதி குறுகியது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நடைபாதை இல்லாத இடங்களே அதிகம். காலை ஏழு மணியளவில் வேலைக்குப் போகும் கொழுந்து பறிக்கும் பெண்களும், பாடசாலைப் பிள்ளைகளும் வாகனங்கள் ஓடும் அதே தாரில்தான் நடக்கிறார்கள். பனி அடர்ந்து நிற்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

பகல்நேர விளக்கு என்றால் என்ன?

வாகன விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சாரதிக்கு வீதியைக் காட்டுவது. மற்றொன்று, அந்த வாகனத்தைப் பிறருக்குக் காட்டுவது. டி.ஆர்.எல். என்று அழைக்கப்படும் பகல்நேர விளக்கு இரண்டாவது வேலைக்காக மட்டுமே பிறந்தது.

இயந்திரத்தை முடுக்கியதும் அது தானாக எரியும். வாகனத்தின் முன்புறம் மட்டுமே இருக்கும். நிறம் வெள்ளை. ஐக்கிய நாடுகளின் 87ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, இதன் ஒளிச்செறிவு 400 கண்டெலாவுக்குக் குறையாமலும் 1,200 கண்டெலாவுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஹெட்லைட்டின் உயர்ஒளி பல்லாயிரம் கண்டெலா கொண்டது. அதனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் கவனத்தை மட்டும் ஈர்க்கும் அளவு அது. ஹெட்லைட்டைப் போட்டதும் இது அணைந்துவிடும், அல்லது மங்கிவிடும்.

வடக்கிலிருந்து வந்த சட்டம்

சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும், குளிர்காலப் பகல் அந்திபோலிருக்கும் நாடுகளில்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது. பின்லாந்து 1972இல் குளிர்காலத்தில் நகருக்கு வெளியேயுள்ள வீதிகளில் பகலிலும் விளக்குப் போடுவதைக் கட்டாயமாக்கியது. சுவீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும் எல்லா வீதிகளுக்கும் அதை விரித்தது. 1980களில் நோர்வேயும் 1990இல் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. 1989 டிசம்பர் முதல் கனடாவில் புதிய வாகனங்களுக்கு இது கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பெப்ரவரியிலிருந்து புதிய வகைக் கார்களுக்கும் சிறிய வான்களுக்கும், 2012 ஓகஸ்டிலிருந்து பஸ், லொறிகளுக்கும் இதை விதித்தது. சுவிற்சர்லாந்தில் 2014 ஜனவரி முதல் பகலில் விளக்கின்றி மோட்டார் வாகனம் ஓட்ட முடியாது.

நம் மக்கள் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளே இவற்றில் பல. ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருபது ஆண்டுகள் வாகனம் ஓட்டிய ஒருவருக்கு விளக்குப் போடுவது என்ற எண்ணமே எழுவதில்லை. வாகனமே அதைப் பார்த்துக்கொள்ளும். அவர் ஊருக்கு வந்து வாடகைக்கு வான் எடுத்து நுவரெலியாவுக்கோ சிவனொளிபாதமலைக்கோ புறப்படும்போது, அந்த வானும் அப்படிச் செய்யும் என்று கை பழகிப்போயிருக்கும். அது அப்படிச் செய்யாமலிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பலன் உண்டா?

இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கனடாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று, குறித்த வகைப் பகல்நேர மோதல்கள் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2008இல் வெளியிட்ட ஆய்வோ, ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்றது. ஒஸ்திரியா 2005இல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டு 2008இல் அதைக் கைவிட்டது. ஒளிரும் கார்களுக்கிடையில் விளக்கில்லாத பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் கண்ணில் படாமல் போவார்கள் என்ற வாதம் அங்கு வலுவாக இருந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் மலேசியா. வெயிலுக்குக் குறைவில்லாத அந்த நாடு 1992 செப்டெம்பரில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்குடன் ஓட வேண்டும் என்று விதித்தது. கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 29 சதவீதம் குறைந்ததாக அதன் பின்னான ஆய்வு கண்டது. இந்தியாவிலும் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களின் முன்விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிறிய வாகனம், மங்கிய வெளிச்சம், குறுகிய வீதி என்பவை சேரும் இடங்களில்தான் விளக்கின் பலன் கூடுகிறது. மலையக வீதியில் இம்மூன்றும் உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கும். எதிரெதிரே இரண்டு வாகனங்கள் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி செக்கனுக்கு 22 மீற்றர் குறையும். பனியில் 50 மீற்றரில்தான் ஒன்றையொன்று காண்கின்றன என்றால், கிடைப்பது இரண்டு செக்கனுக்குச் சற்று மேல். சாரதியின் கால் பிரேக்கைத் தொடவே ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் போய்விடும். ஈரத் தாரில் ஒவ்வொரு வாகனமும் முழுமையாக நிற்க 30 மீற்றருக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 60 மீற்றர். இருப்பதோ 50. சாம்பல்நிறக் கார் பனியில் கரைந்துவிடும், விளக்கு அவ்வளவு எளிதில் கரையாது. விளக்கு கூட்டிக்கொடுக்கும் சில பத்து மீற்றர்களே மோதலுக்கும் தப்புவதற்கும் இடையிலான வேறுபாடாகலாம்.

ஜப்பானியக் கார்களின் கதை

நம் வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும்பங்கு ஜப்பானில் ஓடிப் பின்னர் இறக்குமதியானவை. ஐரோப்பா கட்டாயமாக்கிய அளவு ஒளியுள்ள பகல்நேர விளக்கை ஜப்பானிய விதிகள் 2016 ஒக்டோபர் வரை அனுமதிக்கவில்லை. எனவே அதற்கு முன் ஜப்பானியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்களில் இது பொதுவாக இராது. சிலவற்றில் முன்புறம் அழகாக வளைந்த எல்.ஈ.டி. பட்டை இருக்கும். அது பல வேளைகளில் சுவிட்சைத் திருப்பினால் மட்டுமே எரியும் பார்க் லைட்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாடு பழைய வாகனங்களையே ஓட்டியது. இப்போது புதிய தலைமுறை வாகனங்கள் அவற்றோடு கலக்கின்றன. ஒன்றில் தானாக எரியும் விளக்கு, மற்றொன்றில் எதுவுமில்லை. இரண்டுக்கும் இடையில் ஓட்டோக்கள், கொழுந்து லொறிகள், மோட்டார் சைக்கிள்கள்.

முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

பகல்நேர விளக்கு முன்னால் மட்டுமே எரியும் என்று மேலே சொன்னோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பல வாகனங்களில் இயந்திரத்தை முடுக்கியதும் உள்ளே வேகமானி முகப்பும் ஒளிர்கிறது. முன்னால் வெளிச்சம் தெரிகிறது. சாரதி எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைத்துவிடுகிறார். ஆனால் பின்புறச் சிவப்பு விளக்குகள் அணைந்தே இருக்கும். பனியில் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு அந்தக் கார் இல்லாத பொருள்.

பகல்நேர விளக்கை முதலில் கட்டாயமாக்கிய நாடுகளில் ஒன்றான கனடாவே இதனால் விதியைத் திருத்த நேர்ந்தது. 2021 செப்டெம்பரிலிருந்து அங்கு புதிய வாகனங்களில் பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்குகளும் தானாக எரிய வேண்டும், அல்லது சாரதி விளக்குப் போடும்வரை உள்முகப்பு இருட்டாகவே இருக்க வேண்டும்.

தானியங்கி விளக்கையும் பனியில் முழுதாக நம்ப முடியாது. அதன் உணரி அளப்பது வெளிச்சத்தை. பகல்நேரப் பனி வெண்மையாக, வெளிச்சமாகவே இருக்கும். இருட்டில்லை என்று உணரி முடிவு செய்துவிடும். விளக்கு எரியாது.

செய்யக்கூடியவை

பனி தொடங்கியதும் சுவிட்சைத் திருப்பி, சாரதிகள் டிம் என்று சொல்லும் தாழ்ஒளியைப் போடுங்கள். பின்விளக்கும் அதோடு சேர்ந்து எரியும்.

உயர்ஒளி பனியில் உதவாது. நீர்த்துளிகளில் பட்டு அது நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சுவர் எழும். பம்பரில் தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கு இருந்தால் அதையும் சேர்த்துப் போடலாம்.

ஓடும்போது நான்கு சமிக்ஞை விளக்குகளையும் மின்னவிடாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பதைப் பிறர் அறிய முடியாமல் போகும். வாகனம் பழுதாகி நிற்கும்போது போடுவதற்கானது அது.

கடையில் வாங்கிப் பூட்டும் பிரகாசமான எல்.ஈ.டி. பட்டைகள் பகல்நேர விளக்கல்ல. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கி நம்மீதே மோதவைக்கக்கூடியவை அவை.

இயந்திரம் ஓடும்போது மின்னாக்கி விளக்குக்கு மின்சாரம் தரும். நல்ல நிலையிலுள்ள வாகனத்தில் டிம் விளக்கினால் பற்றரி இறங்காது.

இன்றே ஒரு சோதனை செய்யலாம். வாகனத்தை முடுக்கி, விளக்குச் சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து, வீட்டிலுள்ள ஒருவரை முதலில் முன்னாலும் பிறகு பின்னாலும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

விளக்கு எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியின் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வானிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்தனர். அத்தகைய விபத்துக்குப் பிரேக், கியர், வீதியமைப்பு, சாரதிப் பயிற்சி என்று கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் அவர்களில் பெரும்பங்கு. அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியையாவது, செலவின்றி, ஒரு விரலசைவில் குறைக்க முடியும் என்பதே இங்கு சொல்ல வருவது.

காணப்படுவதன் பாதுகாப்பு

நம்மில் ஒரு தலைமுறைக்கு வெளிச்சம் என்பது ஆபத்து. கிளாலிக் கடலேரியை இரவில் ஒரு பொட்டு வெளிச்சமுமின்றிக் கடந்தவர்கள் உண்டு. விமானச் சத்தம் கேட்டதும் விளக்கை ஊதி அணைத்தவர்கள் உண்டு. சோதனைச்சாவடியை நெருங்கியதும் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட்டு முகத்தைக் காட்டிப் பழகிய கைகள் இன்னும் வாகனம் ஓட்டுகின்றன. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடியவர்களுக்கும் அந்த இருட்டு தெரியும். பிறர் கண்ணில் படாமலிருப்பதே உயிர்தப்பும் வழி என்று கற்ற மக்கள் நாம்.

வீதியில் கணக்கு நேர்மாறானது. இங்கே கண்ணில் படுபவரே தப்புகிறார். அதைவிட, நம் விளக்கைக் கண்டு ஒதுங்கி நிற்பவரும் தப்புகிறார். பனிக்குள் கூடையோடு நடக்கும் பெண்ணுக்கும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் தம்மைக் காட்ட விளக்கில்லை. வளைவில் வாகனம் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஹோர்னும் டிம் விளக்கும் இருக்கின்றன. நோட்டன் பிரிட்ஜை நோக்கி ஏறும்போது முகில் இறங்குவதைக் கண்டால், பொலிஸாரின் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுவிட்சைத் திருப்பிவிடுங்கள்.